கார் ஸ்பீக்கர் மாற்றும்போது கதவுக்குள் இருக்கும் பொலித்தீனைக் கவனியுங்கள்

மூன்று வருடத்துக்கு முன், ஆனி மழையில் ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது இடது கதவு ஸ்பீக்கர் கரகரத்து நின்றுபோனது. போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. கழற்றிப் பார்த்தால் கூம்பின் காகிதம் ஊறி, விரல் பட்ட இடமெல்லாம் அழுந்தியது. ஸ்பீக்கரில் பிழை இல்லை. உள்ளே இருந்த பொலித்தீனைக் கிழித்து, அப்படியே மூடியது நான்தான். அடுத்த சோடியைப் போட்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அது இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கிறது.

வாங்கும் முன் பழைய ஸ்பீக்கரின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். கண்ணாடியை முழுவதும் இறக்கி வைத்து ஆழம் பாருங்கள், இல்லாவிட்டால் காந்தம் கண்ணாடியில் இடிக்கும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் ஊர்க் கடையில் வாங்கினாலும், பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 300 வாட்ஸை நம்பி வாங்காதீர்கள். அது கண நேரம் தாங்கும் உச்ச அளவு. காரோடு வந்த செட் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 வாட்ஸ் ஆர்எம்எஸ்தான், அதாவது தொடர்ந்து ஓடும் சக்திதான் தரும். அந்தச் சின்ன சக்தியிலும் நன்றாகப் பேச வேண்டுமானால் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு, 90 டெசிபலுக்குக் குறையக்கூடாது. 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும். மின்தடை 4 ஓம் என்று இருக்கிறதா பாருங்கள். நம்ம பக்கத்து ஈரத்துக்கு காகிதக் கூம்பு வேண்டவே வேண்டாம், பொலிப்ரொப்பிலீன் கூம்பே என் தேர்வு. கீச்சுத் தொனிக்கான சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், தனியாக வரும் செட்டும் முதல் தடவைக்குத் தேவையில்லை, இரண்டும் ஒன்றாகவே இருக்கும் கோஎக்ஸியல் போதும்.

வேலையை வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள். நுவரெலியாக் குளிரில் காலை ஏழு மணிக்கு கதவின் உள்பக்க மூடியான டோர் போர்டை இழுத்தால் கிளிப்புகள் படபடவென்று உடையும். பெட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூக்களை எடுத்து, பிளாஸ்டிக் நெம்பியால் கீழிருந்து நெம்புங்கள். இரும்பு ஸ்க்ரூ ட்ரைவர் பெயின்டைக் கீறிவிடும்.

இனித்தான் நான் தவறிய இடம். போர்டுக்குப் பின்னால் ஒரு பொலித்தீன் தாள், கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். அதை வெறும் தூசித் திரை என்று நினைத்திருந்தேன். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கித்தான் ஆகும், எந்தக் காரிலும் அப்படித்தான். அது அடியிலுள்ள ஓட்டைகளால் வெளியேறும். நம் இருக்கைப் பக்கம் வராமல் தடுப்பது இந்தத் தாள் ஒன்றுதான். ஆகவே இழுக்காதீர்கள். ஹேர் ட்ரையரால் பசையைச் சூடாக்கி, கூரான கத்தியைத் தாளுக்கும் பசைக்கும் நடுவே மெதுவாக ஓட்டுங்கள். பசை நூல் நூலாக நீளும், அதில் கைபடாமல் விட்டால் அதே பசையில் திரும்ப ஒட்டலாம். கிழிந்தால் தடித்த பொலித்தீன் வெட்டி, பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் டேப்பால் ஒட்டுங்கள். சாதாரண செலோடேப் ஒரு மழைக்கும் நிற்காது. தாளின் அடி விளிம்பு பழையபடி, தண்ணீர் இறங்கும் கதவுக் கூட்டுக்குள் விழ வேண்டும். அடி ஓட்டைகளையும் குத்திப் பாருங்கள். என் கதவில் தோட்டத்து ரோட்டுச் செம்மண் காய்ந்து இரண்டை அடைத்திருந்தது.

பல டொயோட்டாக்களில் பழைய ஸ்பீக்கர் ரிவெட்டில் நிற்கும், துளைத்துத்தான் எடுக்க வேண்டும். அதுவரை புது ஸ்பீக்கரைப் பெட்டியைவிட்டு எடுக்காதீர்கள், இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கதவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே போடும் வளையம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஈரத்தில் ஊதிவிடும்.

பிறகு சேர்த்தது: வெலிமடைத் தம்பி ஒருவர், புது ஸ்பீக்கர் போட்டதும் பேஸ், அதாவது தாழ்ந்த தொனி, காணாமல் போனதாக எழுதியிருந்தார். ஒரு பக்க வயர் பிளஸ் மைனஸ் மாறியிருந்தது. பழைய ஸ்பீக்கரைக் கழற்றும்போதே எந்த நிற வயர் எந்த முனையில் இருந்தது என்று போனில் படமெடுங்கள். பிறகு அதன் முனைகளில் 1.5 வோல்ட் டோர்ச் பெட்டரியை ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பெட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். செட்டோடு இணைந்திருக்கும்போது இதைச் செய்யக்கூடாது. எல்லாம் பூட்டியதும் பேலன்ஸை நடுவில் வைத்து ரேடியோச் செய்தி கேளுங்கள். வாசிப்பவர் குரல் இரண்டு கதவுக்கும் நடுவிலிருந்து, கனமாக வர வேண்டும். அந்தத் தம்பி ஒரு பக்க வயரை மட்டும் மாற்றிப் போட்டார், பேஸ் திரும்பி வந்தது.