மலைச்சரிவு ஊரில் ஒரு பொம்மைப் போர்: டைஸ் உருட்டும் முன்பே செய்துவிடும் தவறுகள்

மேசைமேல் மலையும் ஊரும் கட்டி, சின்னப் பொம்மைப் படைவீரர்களை மாறிமாறி நகர்த்தி, டைஸ் உருட்டிச் சுடும் போர் விளையாட்டு எங்களுடையது. ஒரு சுற்றுக்கு டர்ன் என்று பெயர். அன்று மூன்றாவது டர்னிலேயே ஆட்டம் நின்றுவிட்டது. தேவாலயப் படிக்கட்டில் நண்பரின் எம்ஜி 42, ஜெர்மன் எந்திரத் துப்பாக்கி. கீழே ஆலிவ் தோப்புச் சுவருக்குப் பின்னால் என் ஆட்கள் ஆறு பேர்.

"அவங்க எனக்குத் தெரியறாங்க, சுடறேன்" என்றார்.

"நடுவுல ரெண்டு மேடு இருக்கே, எப்படித் தெரியும்?"

குனிந்து கன்னத்தை டேபிளில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் போய் லேசர் டார்ச்சை எடுத்துவந்தேன். அந்தச் சிவப்புப் புள்ளி ஒருவனின் தலைக்கவசத்தில் விழுந்தது, பக்கத்தில் இருந்தவன் மேல் விழவில்லை. டார்ச்சை ஒரு மயிரிழை உயர்த்தினால் இருவர் மேலும் விழுந்தது. நாற்பது நிமிட வாக்குவாதத்தில் டீ ஆறிப்போனதுதான் மிச்சம். விதிப் புத்தகத்தைக் குறை சொல்லி என்ன பயன்? மலையைக் கட்டும்போதே அந்த மலையில் யார் கண்ணுக்கு எது தெரியும் என்று நாங்கள் முடிவு செய்யவில்லை.

சமவெளியில் ஆடும்போது இந்தத் தவறெல்லாம் வெளியே தெரியாது. ஊரைச் சரிவில் வைத்துவிட்டால் ஒன்றுவிடாமல் டேபிளுக்கு வந்துவிடும். நாங்கள் கட்டியது ரோக்காநேரா என்ற கற்பனை ஊர். பெயர்தான் கற்பனை, நிலம் அப்படியல்ல. இத்தாலியில் நேப்பிள்ஸிலிருந்து ரோம் போகும் வழியில் உள்ள மின்யானோ கணவாய், இரண்டாம் உலகப்போரின் 1943-44 குளிர்காலம். அந்தக் கணவாயைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று உயிர்விட்டது மின்யானோ அருகேதான். கண்ணிவெடி அகற்றும் வேலையின்போது வெடிக்கப்போன கண்ணியின் மேல் தானே விழுந்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. எங்கள் டேபிளில் சாலையோரம் சின்னதாக ஒரு கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்பது அதனால்தான்.

உச்சியில் ஆளை நிறுத்துவது

புதிதாக ஆடுபவரிடம் தற்காப்புப் பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். முதல் வேலையாக எந்திரத் துப்பாக்கியை மலையின் உச்சந்தலையில் கொண்டுபோய் வைப்பார். உயரமான இடம், எல்லாம் தெரியும் என்ற கணக்கு. தெரியாது என்பதுதான் விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். சுமார் 28 மி.மீ. உயரமுள்ள பொம்மையின் கண் தரையிலிருந்து சுமார் 2.5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு படித்தளத்தின், அதாவது சரிவில் படிபோல் வெட்டிச் சுவர் கட்டிய தளத்தின், விளிம்பிலிருந்து 5 செ.மீ. உள்ளே நிற்கிறான். கீழ்த்தளம் 2 செ.மீ. தாழ்வு. அவன் பார்வை விளிம்பை உரசிக்கொண்டு இறங்கும்போது, சுவரடியில் 4 செ.மீ. அகலத்துக்குத் தரை அவன் கண்ணில் படாது. சுவரை ஒட்டிப் படுத்த பொம்மைக்கு அந்த இடம் போதும். அவன் 10 செ.மீ. உள்ளே தள்ளி நின்றால் கண்படாத நிலம் 8 செ.மீ. ஆகிவிடும். இப்படி நான்கைந்து தளங்கள் அடுக்கடுக்காக இருந்தால், எதிராளி ஒவ்வொரு சுவரடியிலும் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறிவிடுவான். உச்சியில் இருப்பவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, வானத்தை முதுகில் வைத்து நிற்பதால் டேபிளில் உள்ள அத்தனை பேருக்கும் அவன் இலக்கு.

ராணுவத்தில் இதற்குச் சொல்லும் வழி, உச்சியிலிருந்து கொஞ்சம் இறங்கி, சரிவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஆளை வைப்பது. அந்த இடத்தைத்தான் 'ராணுவ முகடு' என்கிறார்கள். இன்னொரு வழி நேர்மாறானது: உச்சியைத் தாண்டிப் பின்சரிவில் ஒளிந்திருந்து, முகட்டில் தலை காட்டுபவனை அந்த நொடியில் அடிப்பது. 1815இல் வாட்டர்லூ போரில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தன் படையில் பெரும்பகுதியை மேட்டின் பின்புறம் வைத்தது இந்தக் கணக்கில்தான். பீரங்கியும் அதிகம் தொடாது, எதிரிக்கு எத்தனை பேர் என்றும் தெரியாது. ஆனால் டேபிளில் பின்சரிவு இருந்தால்தானே ஒளிய முடியும்? நம்மில் பாதிப் பேர் மலையைச் சுவர் ஓரமாக, பாதியாக வெட்டியதுபோல் வைத்துவிடுகிறோம். உச்சியோடு டேபிளும் முடிந்துவிடும். மலைக்குப் பின்னால் ஒரு சாண் அகலமாவது நிலம் விடுங்கள். அந்த ஒரு சாணில்தான் தற்காப்பாளரின் மூளை வேலை செய்யும்.

லேசர் டார்ச் தகராறுக்கு நாங்கள் கண்ட தீர்வு, ஆட்டத்துக்கு முன்பே ஒரு துண்டுத் தாளில் எழுதி டேபிள் மூலையில் ஒட்டிவைப்பது. விளிம்பைத் தொட்டு நிற்பவனுக்குக் கீழே எல்லாம் தெரியும், அவனும் எல்லாருக்கும் தெரிவான். விளிம்பைவிட்டு விலகி நிற்பவனுக்கு, சுவரடியை ஒட்டியவன் தெரியமாட்டான். பொம்மையின் துப்பாக்கி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது, தலைக்கவசம் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. எழுதி ஒட்டிய நாளிலிருந்து டார்ச் மேசை இழுப்பறையில் தூங்குகிறது.

அளவில் ஏமாறுவது

28 மி.மீ. பொம்மை என்றால் ஏறக்குறைய 1:56 அளவு. ஆறடிக்கு நாலடி டேபிள், அதாவது 180க்கு 120 செ.மீ., அந்த அளவில் எவ்வளவு நிலம்? 100 மீட்டருக்கு 67 மீட்டர். ஒரு கால்பந்து மைதானம்கூட இல்லை. 300 மீட்டரில் சுடும் ரைஃபிளுக்கு இதே அளவில் 5 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும், டேபிளைத் தாண்டி வராந்தாவுக்கு வந்துவிடும். அதனால்தான் எல்லா விதிகளும் பொம்மைக்கு ஓர் அளவும் தரைக்கு வேறோர் அளவும் வைத்துக்கொண்டு சமாளிக்கின்றன. இது ஏமாற்று வேலை இல்லை, இந்தப் பொழுதுபோக்கின் அடிப்படை ஒப்பந்தமே இதுதான். பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டான கிரீக்ஸ்ஷ்பீலில் இந்தத் தொல்லை இல்லை. அது 1:8000 வரைபடத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டைகளை நகர்த்தி, நடுவரை வைத்து ஆடியது. பொம்மையின் முகத்துக்கு மீசை வரைய ஆசைப்பட்ட நமக்குத்தான் இந்தக் கஷ்டம்.

இதை மறந்து, ஒரு முழு ஊரையும் கட்டிவிட வேண்டும் என்று இருபது வீடு வைப்பது பெரிய தவறு. 28 மி.மீ.யில் ஐந்து வீடு, ஒரு தேவாலயம், ஒரு கிணற்றடி போதும். அது ஊரின் ஒரு மூலை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர் முழுவதும், பக்கத்து மலையும் சேர்ந்து வேண்டும் என்றால் 6 மி.மீ. பொம்மைக்குப் போய்விடுங்கள். அது சுமார் 1:300. அதே டேபிளில் அரை கிலோமீட்டருக்கு மேல் நிலம் கிடைக்கும்.

டாங்கிக்குத் தெரு அமைப்பது

அமெரிக்கத் தயாரிப்பான ஷெர்மன் டாங்கியின் அகலம் சுமார் 2.6 மீட்டர். 1:56இல் 47 மி.மீ. இத்தாலிய மலையூர்ச் சந்து கழுதையும் மனிதனும் போவதற்கு உண்டானது. நாம் என்ன செய்கிறோம்? டாங்கி வாங்கியாகிவிட்டது, அது ஓடவேண்டும் என்று பத்து செ.மீ. தெரு போடுகிறோம். அதோடு மலையூர்ச் சண்டையின் உயிர் போய்விடுகிறது.

நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். 1943 டிசம்பர் 15 அன்று ஜெர்மானியர் கையில் இருந்த சான் பியேத்ரோ இன்ஃபீனே என்ற மலைச்சரிவு ஊர்மேல் அமெரிக்கர்கள் 16 டாங்கிகளை அனுப்பினார்கள். சரிவு முழுவதும் ஆலிவ் மரங்கள் நிற்கும் படித்தளங்கள், கற்சுவர்கள். டாங்கியால் தளம்விட்டுத் தளம் ஏற முடியவில்லை. மிஞ்சியது குறுகலான ஒரே சாலை, அதில் கண்ணிவெடி. முன்னால் போனது நின்றால் பின்னால் வருவதும் நிற்க வேண்டியதுதான். திரும்பி வந்தவை நான்கு. ஊர் மக்கள் அந்நாட்களில் பக்கத்துக் குகைகளில் பதுங்கிக் கிடந்தார்கள். நம் டேபிளில் அவர்களுக்கு இடமே இருப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல்.

வீடுகளிலும் இதே சோம்பேறித்தனம்தான். கூரை கழலாத வீடு வெறும் பெட்டி. உள்ளே யார் எந்த ஜன்னலில் நிற்கிறார்கள் என்று தெரியாமல் "பத்துப் பேரும் உள்ளே இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருப்போம். கூரையைக் கழற்றும்படி செய்யுங்கள், ஜன்னலுக்கு இருவர் என்று வரம்பு வையுங்கள். அடுத்த வீட்டுக்குப் போகக் கதவு வழியாக மட்டுமே போகலாம் என்றும் வைக்காதீர்கள். 1943 டிசம்பரில் இத்தாலியின் ஓர்த்தோனா நகரில் கனடியர்கள் தெருவில் கால் வைக்காமல், பொதுச்சுவரை வெடிவைத்துத் துளைத்து வீட்டுக்குள் இருந்தே அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஒரு டர்ன் செலவழித்தால் சுவரில் ஓட்டை என்று ஒரே ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், ஆட்டமே மாறும்.

இருபக்கமும் சமப் புள்ளி

கடையில் வாங்கும் விதிகளில் பெரும்பாலானவை இரு பக்கத்துக்கும் சமப் புள்ளிகள் தரும்; அந்தப் புள்ளிகளைச் செலவழித்துத்தான் ஆளையும் ஆயுதத்தையும் எடுக்க வேண்டும். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மேட்டில் கற்சுவருக்குப் பின் உட்கார்ந்திருப்பவனை அதே பலத்தோடு கீழிருந்து தாக்குவது நியாயமா? தாக்குபவனுக்கு மூன்று மடங்கு ஆள் வேண்டும் என்பது ராணுவப் பள்ளிகளில் பழகிப்போன வாய்ப்பாடு. டேபிளில் இரண்டு மடங்காவது கொடுங்கள். செக்‌ஷன் என்பது சுமார் பத்துப் பேர் கொண்ட குழு, மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் ஒரு பிளட்டூன். தற்காப்புக்கு இரண்டு செக்‌ஷன் என்றால் தாக்குதலுக்கு ஒரு முழு பிளட்டூன், பின்னால் இன்னொரு செக்‌ஷன், கூடவே புகைக்குண்டு. அன்றைய பிரிட்டிஷ், இந்தியப் பிளட்டூன்களிடம் குண்டை மேல்நோக்கி எறியும் 2 அங்குல மோர்ட்டர் ஒன்று இருந்தது, புகை போடுவதற்கே அது பெரிதும் உதவியது. புகையைக் கொடுக்காமல் சரிவில் ஏறச்சொல்வது ஆட்டமில்லை, தண்டனை.

கழித்தல் குறிகளை அடுக்கிக்கொண்டே போவதும் இந்த வகைத் தவறுதான். 5 அல்லது 6 விழுந்தால் குண்டு படும் என்றால் மூன்றில் ஒரு வாய்ப்பு. சுவர் மறைவுக்கு ஒன்று கழித்தால் 6 மட்டும், ஆறில் ஒன்று. ஒரே ஒரு புள்ளிதான் கழித்தோம், வாய்ப்பு பாதியாகிவிட்டது. அதற்குமேல் உயரத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று கழித்தால் 8 விழவேண்டும். ஆறு முக டைஸில் 8 எங்கிருந்து வரும்? மறைவு, உயரம், தூரம் மூன்றில் எது பெரிதோ அதை மட்டும் கழியுங்கள். கணக்கும் சுருங்கும்.

அப்புறம் டர்ன். ஒரு டர்னுக்கு 15 செ.மீ. நடை, மேடேறினால் பாதி என்று வைத்துக்கொள்வோம். 120 செ.மீ. டேபிளில் முதல் 60 செ.மீ. சமதளம், நான்கு டர்ன். அடுத்த 60 சரிவு, எட்டு டர்ன். யாரும் சுடாமல் கைவீசி நடந்தாலே தேவாலயத்துக்குப் போக 12 டர்ன் ஆகும். விதிப்புத்தகம் ஆறு டர்னில் ஆட்டம் முடிந்தது என்கிறது! இதைக் கூட்டிப் பார்க்காமல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் தொடர்ந்து தோற்றிருக்கிறேன். என் தந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெற்றி எது என்பதையும் ஊருக்குள் மட்டும் வைக்காதீர்கள். சான் பியேத்ரோவை நேர்த்தாக்குதலில் பிடிக்க முடியவில்லை. டிசம்பர் 16 அன்று எதிரேயுள்ள மொந்தே லுங்கோ அமெரிக்க, இத்தாலியப் படைகளிடம் விழுந்தது. பக்கத்து உயரம் கைவிட்டுப் போனபின் ஜெர்மானியர் இரவோடிரவாக ஊரைக் காலி செய்தார்கள். டேபிளின் ஓரத்தில் ஒரு சின்னக் குன்றை வைத்து, அதை எதிராளி பிடித்தால் தற்காப்பாளர் ஒவ்வொரு டர்னும் பின்வாங்குவதா இல்லையா என்று டைஸ் போட்டுச் சோதிக்க வேண்டும் என்று எழுதினோம். அன்றைக்குத்தான் முதன்முதலாக இருவரும் வரைபடத்தைப் பார்த்து யோசித்தோம்.

ஒளிந்திருப்பவர்களுக்கு நாங்கள் கேரம் காய்களைப் பயன்படுத்துகிறோம். அடியில் எண் ஒட்டிய காய் நிஜப்படை, எண் இல்லாதது சும்மா. எது எது என்று எதிராளிக்குத் தெரியாது. கடைகளில் இதற்கென்று விலை கொடுத்து வாங்கும் வில்லைகளைவிட இது மேல்.

கைவேலையில்

தெர்மாகோல் மலைமேல் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள். அந்தக் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். என் முதல் மலை என் கண் முன்னாலேயே குழிகுழியாக உள்வாங்கி, அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் ஆனது. முதலில் ஃபெவிகோலில் மணல் கலந்து இரண்டு பூச்சு, காய்ந்தபின் பிரஷ்ஷால் அக்ரிலிக். டீ வடிகட்டிய தூளைக் காயவைத்துத் தூவினால் தோப்புத் தரை அப்படியே வந்துவிடும். நன்றாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

வழவழப்பான சரிவு கண்ணுக்கு அழகு, பொம்மை மட்டும் நிற்காது. டேபிளில் கை பட்டால் ஒரு செக்‌ஷனே உருண்டு வரும். இத்தாலியச் சரிவுகள் தளம்தளமாக இருப்பது நமக்கு அதிர்ஷ்டம். பொம்மையின் அடித்தட்டு 25 மி.மீ. என்றால் தளம் குறைந்தது 6 செ.மீ. அகலம் இருக்கட்டும், இரண்டு பேர் முன்னும் பின்னும் நிற்கலாம்.

நாலடி நீள மலையை ஒரே துண்டாக ஒட்டிவிட்டு, அது பரணுக்குள் நுழையாது என்று அப்புறம் தெரிந்துகொண்ட ஆள் நான். வெட்டித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. வெட்டுவதானால் கற்சுவர் ஓடும் கோட்டிலேயே வெட்டுங்கள். மறுபடி சேர்க்கும்போது இணைப்பு சுவருக்கடியில் மறைந்துவிடும்.