ஏலத்துக்கு முன்னாலேயே கவர்

மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் ஷீட் விற்றுப் பிழைப்பவர்கள், பணம் கைக்கு வந்ததும் கடை வாசலிலேயே காணிக்கைப் பங்கைத் தனிக் கவரில் போட்டுவிடுங்கள், சபையின் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைபொருள்களை ஏலம் விடும்போது அந்தக் கவரைத் தாண்டிக் கேட்காதீர்கள். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி சேர்த்துவைக்கச் சொல்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 16:2). பங்காக எடுப்பதால் விலை இறங்கினால் காணிக்கையும் தானாக இறங்கும், மழையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றால் கைக்கடன் வாங்க வேண்டாம். மைக்கில் பெயர் சொல்லி ஏற்றிவிடும்போது (அது ஒரு தனிப் போதை!) செவ்வாழைக் குலைக்கு எவ்வளவு கேட்கிறோம் என்றே தெரியாது. மாதச் சம்பளக்காரர்களுக்குக் கவர் தேவையில்லை. நகை அடகில் வட்டி ஏறிக்கொண்டிருந்தால் ஏலத்தை விடுங்கள், முதலில் அதைத் திருப்புங்கள்; ரோமர் 13:8-ம் கடன்படாதே என்றுதான் சொல்கிறது.