ஈமமேட்டைப் பார்த்ததும் எல்லையை முடிவுசெய்யாதீர்கள்

இங்கிலாந்தின் சாக்சன் கால நிலக்கொடைப் பட்டயங்களில் பழைய ஈமமேடுகள், அதாவது இறந்தவர்களைப் புதைத்து எழுப்பிய மண்மேடுகள், எல்லைக்குறியாக அடிக்கடி வரும். அந்த எல்லையை இன்றைய வரைபடத்தில் வரைய முயன்று, ஆற்றையும் ஓடையையும் பொறுமையாகத் தேடுபவர்கள்கூட, மேட்டின் பெயரைக் கண்டதும் அவசரப்பட்டுவிடுகிறார்கள். ஆக்ஸ்போர்ட்ஷயரில் ரிட்ஜ்வே என்னும் பழம்பாதையை ஒட்டி நிற்கும் வேலண்ட்ஸ் ஸ்மித்தி ('வேலண்டின் உலைக்களம்') என்னும் ஈமமேட்டை வைத்தே இதைப் பார்க்கலாம். காம்ப்டன் பீச்சம் நிலத்துக்கான 955ஆம் ஆண்டுப் பட்டயத்தில் இந்த மேடு வருகிறது.

முதல் தவறு, எல்லைக்கோட்டை நேரே மேட்டின் மேல் இழுத்துவிடுவது. பட்டயம் சொல்வது, 'வேலண்டின் உலைக்களத்துக்குக் கிழக்கே உள்ள அகன்ற வாயில்'. எல்லைப்புள்ளி அந்த வாயில்தான். மேடு அதைக் காட்டும் அடையாளம், அவ்வளவே. அதனால் 'வரை', 'வழியே', 'கிழக்கே' போன்ற சிறு சொற்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்களை மட்டும் பொறுக்கினால் கோடு இடம் மாறிவிடும்.

இன்றைய கிரயப் பத்திரத்தின் சக்குபந்தியைப் போல நான்கு திசையையும் தனித்தனியே எதிர்பார்ப்பதும் வழி தவறச் செய்யும். சாக்சன் எல்லைக்குறிப்பு நடந்தபடி சொல்வது: ஓரிடத்தில் தொடங்கி, பெரும்பாலும் வலஞ்சுற்றாகப் போய், தொடங்கிய இடத்துக்கே திரும்பும். நம் செப்பேடுகளின் 'பிடி சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டி' (பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு) என்ற வழக்குதான் இதற்கு நெருக்கம். பட்டயத்தின் மற்றப் பகுதி லத்தீனிலும் எல்லை மட்டும் ஊர்மொழியான பழைய ஆங்கிலத்திலும் இருப்பதும், நம் செப்பேடுகளில் வடமொழியோடு தமிழ் வருவதைப் போன்றதே.

சொற்களில்தான் அதிகம் சறுக்கும். பழைய ஆங்கிலத்தில் 'பெயோர்க்' என்றால் ஈமமேடாகவும் இருக்கலாம், இயற்கையான குன்றாகவும் இருக்கலாம். 'பெயாரு' என்றால் தோப்பு. இன்றைய ஊர்ப்பெயர்களில் இரண்டுமே 'பாரோ' என்று தேய்ந்திருக்கக்கூடும். ஆகவே இன்றைய பெயரை நம்பாமல் பட்டயத்தின் எழுத்துவடிவத்தைப் பாருங்கள். 'ஹ்லாவ்' என்பதும் அப்படித்தான். மேடு, குன்று இரண்டுக்கும் வரும். 'புறச்சமயத்தார் புதைகுழி' என்று வரும் குறியையும் உடனே தொல்பழங்காலத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். எல்லையோரத்தில் தூக்கிலிடப்பட்டவர்களைப் புதைத்த இடமாகவும் அது இருக்கலாம்.

எல்லையைக் குறிக்கவே சாக்சன்கள் மேட்டைக் கட்டினார்கள் என்று எழுதுபவர்களும் உண்டு. வேலண்ட்ஸ் ஸ்மித்தியின் முதல் கட்டுமானம் சுமார் கி.மு. 3590 – 3550. பதினான்கு பேரின் எலும்புகள் அதில் இருந்தன. அதை மூடி எழுந்த பெரிய நீள்மேடு சுமார் கி.மு. 3460 – 3400. பட்டயம் எழுதியவருக்கே அது 4,300 ஆண்டு பழசு. யார் கட்டியது என்று தெரியாததால்தான், பழங்கதைக் கொல்லன் வேலண்டின் பெயரை அதற்குக் கொடுத்தார்கள். இன்று நிமிர்ந்து நிற்கும் முகப்புக் கற்களை வைத்து 955இல் கண்ட காட்சியையும் கற்பனை செய்யாதீர்கள்: 1962–63 அகழாய்வுக்குப் பின் சீரமைத்ததே இன்றைய தோற்றம்.

பழைய மேடுபோலத் தெரிவதெல்லாம் ஈமமேடும் அல்ல. காற்றாலை நின்ற மேட்டின் உச்சியில் சிலுவை வடிவப் பள்ளம் தெரியலாம். நீண்டு தாழ்ந்த செவ்வகமாக இருந்தால், முயல் வளர்க்கக் குவித்த மண்ணாக இருக்கலாம்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். குறிகளை வரிக்கு ஒன்றாக எழுதி, ஆறு, ஓடை, பெரும்பாதை ஆகிய உறுதியான புள்ளிகளை முதலில் படத்தில் வையுங்கள். மேட்டைக் கடைசியில் பொருத்துங்கள். இன்றைய பாரிஷ் (ஊர் வட்டார) எல்லையோடு ஒப்பிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல மாறிவிட்டன. டைத் என்னும் தேவாலய வரிக்காக 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரைந்த டைத் வரைபடங்களும், நாட்டின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் முதல் 25 அங்குல (மைலுக்கு 25 அங்குலம்) பதிப்பும்தான் துணை. உழுது தேய்ந்த மேட்டை லைடார் படம் (வானிலிருந்து லேசர் கதிரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்த படம்) காட்டிக்கொடுக்கும். களத்துக்குப் போவதானால் குளிர்காலக் காலையில் போங்கள். புல் குட்டையாக இருக்கும், சாய்வெயிலில் அரையடி உயரம்கூட நிழல் போடும்.

மண்ணை மட்டும் தொடாதீர்கள். பட்டியலிடப்பட்ட நினைவிடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவதும் மெட்டல் டிடெக்டர் ஓட்டுவதும் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கல் இடுக்கில் காசு செருகும் பழக்கமும் வேண்டாம். இடம் பிடிபடாத குறிகள் மிஞ்சினால், இரண்டு உறுதியான புள்ளிகளுக்கு நடுவே புள்ளிக்கோடு போட்டு வையுங்கள்.