வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவர் வேலை: விசாவுக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

விசா ஸ்பான்சர் செய்யும் மருத்துவமனை எது என்று தேடுவதிலிருந்துதான் பலர் தொடங்குகிறார்கள். முதல் தவறு அதுதான். மருத்துவரைப் பொறுத்தவரை விசா கடைசிப் படி. அந்த நாட்டு மருத்துவ கவுன்சில் உங்களைப் பதிவு செய்யுமா, எந்தப் பிரிவில், எந்தத் தகுதியை வைத்து என்பது தெரிந்த பிறகுதான் மருத்துவமனையோடு பேச்சே. பதிவுக்கு வழியில்லாதவரை மருத்துவமனை விரும்பினாலும் எடுக்க முடியாது.

உங்கள் துறைக்கு அங்கே என்ன பெயர்?

'ஆன்காலஜிஸ்ட்' என்று மட்டும் போட்டுத் தேடினால் பாதி நேரம் வீண். பிரிட்டனில் கிளினிக்கல் ஆன்காலஜிஸ்ட் கதிர்வீச்சும் கொடுப்பார், கீமோதெரபியும் கொடுப்பார். அவருடைய துறை ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் கீழ் வருகிறது. மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட் மருந்து சிகிச்சை மட்டும் பார்ப்பார். அது ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் பக்கம். இரத்தப் புற்றுநோய் இரண்டிலும் சேராது, ஹெமட்டாலஜிக்குப் போய்விடும். அமெரிக்காவிலோ ஹெமட்டாலஜியும் மெடிக்கல் ஆன்காலஜியும் பெரும்பாலும் ஒரே ஃபெலோஷிப் (சிறப்புப் பயிற்சி).

அறுவை சிகிச்சைக்காரர்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். சர்ஜிக்கல் ஆன்காலஜி என்ற தனித்துறை பிரிட்டனின் சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் இல்லை. மார்பகப் புற்றுநோயை மார்பக அறுவை நிபுணரும், பெருங்குடலைக் கோலோரெக்டல் நிபுணரும், புராஸ்டேட்டை யூரோலஜிஸ்டும் செய்கிறார்கள். எனவே எந்த உறுப்பில் உங்கள் கை அதிகம் பழகியிருக்கிறதோ அந்தப் பெயரில் தேட வேண்டும். ஜெர்மனியில் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து சிகிச்சையையும் மகளிர் நோய் மருத்துவர்களே கொடுப்பது வழக்கம். அங்கே போகும் மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட் இதை முன்னமே தெரிந்துகொள்வது நல்லது.

கன்சல்டன்ட் பட்டத்தையே பிடித்துக்கொண்டிருப்பது

பிரிட்டனில் நிரந்தர கன்சல்டன்ட் (மூத்த நிபுணர்) பணிக்குச் சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். வெளிநாட்டில் பயின்றவர் அதில் நுழையும் வழி போர்ட்ஃபோலியோ பாத்வே. 2023 நவம்பர் வரை அதன் பெயர் சீசர். லோக்கம் (தற்காலிக) கன்சல்டன்ட், ஸ்பெஷாலிட்டி டாக்டர், கிளினிக்கல் ஃபெலோ பணிகளுக்கு அந்தப் பதிவேடு கட்டாயமில்லை, பிரிட்டனின் மருத்துவ கவுன்சிலான ஜி.எம்.சி.யின் முழுப் பதிவும் உரிமமும் போதும். பத்து, பதினைந்து வருட அனுபவம் உள்ளவர்கள் ஃபெலோ பணி தங்களுக்குக் கீழானது என்று ஒதுக்கிவிட்டு, கிடைக்க வாய்ப்பே இல்லாத கன்சல்டன்ட் விளம்பரங்களுக்கு மனுப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வருட ஃபெலோ பணி அந்நாட்டுப் பரிந்துரையாளர்களைத் தரும். ஒரு நோயாளியின் சிகிச்சையைப் பல துறை மருத்துவர்கள் சேர்ந்து முடிவு செய்யும் பலதுறைக் கூட்டங்களில் அங்கே உட்கார்ந்த அனுபவத்தையும் தரும். அடுத்த நேர்காணலில் கேட்கப்படுவது அந்த இரண்டும்தான்.

போர்ட்ஃபோலியோ ஆவணங்களை இப்போதைய மருத்துவமனையை விட்டு விலகும் முன்பே சேர்க்க வேண்டும். சிகிச்சை லாக்புக், ஆடிட் (சிகிச்சைத் தர ஆய்வு), பலதுறைக் கூட்டப் பதிவுகள், நீங்கள் எழுதிய மருத்துவக் கடிதங்கள் எல்லாவற்றிலும் நோயாளியின் அடையாளத்தை நீக்கி, அந்த மருத்துவமனையில் பொறுப்பில் இருப்பவரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வையுங்கள். துறைத் தலைவர் மாறிவிட்டாலோ பதிவேடு கிடங்குக்குப் போய்விட்டாலோ அந்தக் கையொப்பத்துக்கு மாதக்கணக்கில் அலைய நேரும்.

எதையும் சொல்லாத சி.வி.

'ஐ.எம்.ஆர்.டி., எஸ்.பி.ஆர்.டி., பிராக்கிதெரபி தெரியும்' என்று கதிர்வீச்சு நுட்பங்களின் பெயர்களை மட்டும் எழுதினால் தேர்வுக்குழுவுக்கு எதுவும் தெரியாது. கடைசி 12 மாதங்களில் எந்த உறுப்பில் எத்தனை பேருக்கு நீங்களே கான்டூர் போட்டீர்கள் (கதிர்வீச்சு பட வேண்டிய இடத்தை ஸ்கேனில் வரைந்தீர்கள்), எந்த நுட்பம், எந்த டோஸ், எத்தனை அமர்வு, திட்டத்தை இறுதியாக அங்கீகரித்தவர் யார் என்பதை ஓர் அட்டவணையில் போடுங்கள். மெடிக்கல் ஆன்காலஜி என்றால் உறுப்புவாரியாக வெளிநோயாளர் எண்ணிக்கை, இம்யூனோதெரபி பக்கவிளைவுகளைக் கையாண்ட அனுபவம், மருந்து ஆய்வுகளில் உங்கள் பங்கு.

பிரிட்டனில் கன்சல்டன்ட் விளம்பரங்கள் பெரும்பாலும் 'மார்பகம் மற்றும் யூரோலஜி' என்பதுபோல ஓரிரு உறுப்புகளைச் சொல்லியே வரும். எல்லாப் புற்றுநோயும் பார்ப்பேன் என்பது பல நாடுகளில் பெருமை. அங்கே அது ஒரு குறை. விளம்பரத்தோடு வரும் தகுதிப் பட்டியலில் 'அவசியம்' என்று இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் உங்கள் விண்ணப்பத்தில் நேரடிச் சான்று இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார்கள்.

ஆவணங்களை வரிசை மாற்றி வாங்குவது

இங்கேதான் பணமும் மாதங்களும் அதிகம் கரைகின்றன. பட்டச் சான்றிதழை மூல நிறுவனத்திடமே சரிபார்க்கும் எபிக் (EPIC) என்ற சேவையின் வேலையை முதலில் தொடங்குங்கள். பல்கலைக்கழக அலுவலகம் பதில் போடாமல் கிடப்பில் போட்டால் அதை நீங்களேதான் பின்தொடர வேண்டியிருக்கும். பட்டத்தில் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் என்று இருந்தால் அதற்கான சட்டப்படியான ஆவணத்தை அப்போதே தயார் செய்துகொள்ளுங்கள்.

மொழித் தேர்வு நடுவில் வரட்டும். ஜி.எம்.சி.க்கு அகாடமிக் ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7.0, அதுவும் ஒரே அமர்வில், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. என்றால் நான்கு பிரிவிலும் பி கிரேடு. மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். உற்சாகத்தில் முதலிலேயே எழுதி, மற்ற தேர்வுகள் முடிவதற்குள் காலாவதியாகி, மறுபடி எழுதுபவர்கள் நிறைய. மருத்துவ கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்று கடைசியில்தான். ஜி.எம்.சி. அதை மூன்று மாதத்துக்கு மட்டுமே ஏற்கும். கடந்த ஐந்து ஆண்டில் பணியாற்றிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும்.

எந்தத் தேர்வு என்பதையும் யோசித்தே முடிவெடுங்கள். கிளினிக்கல் ஆன்காலஜி எஃப்.ஆர்.சி.ஆர். அல்லது எம்.ஆர்.சி.பி. என்ற ராயல் காலேஜ் தேர்வுகளை முடித்தவருக்கு, ஜி.எம்.சி. நடத்தும் பதிவுத் தேர்வான பிளாப் தேவையில்லை. வெளிநாட்டு மருத்துவர்களுக்குப் பிரிட்டனில் பயிற்சி தரும் எம்.டி.ஐ. திட்டத்தில் பிளாப் இல்லாமலே பதிவு கிடைக்கும், ஆனால் அது அதிகபட்சம் 24 மாதப் பயிற்சி. அந்தக் காலம் நிரந்தர வசிப்புக் கணக்கில் சேராது. குடும்பத்தோடு குடியேறும் எண்ணம் இருப்பவர் இதைத் தெரிந்தே நுழைய வேண்டும்.

அமெரிக்காவில் ஜே-1 எல்லாம் ஒன்றல்ல

ஆராய்ச்சியாளருக்கான ஜே-1 (பரிமாற்றத் திட்ட) விசாவில் போய் நோயாளிகளைப் பார்க்கலாம் என்று நம்பிப் போவது பெரிய இழப்பில் முடிகிறது. அந்த விசா ஆராய்ச்சிக்கானது. சிகிச்சை அளிக்கும் பணி அதில் அடங்காது. மருத்துவப் பயிற்சிக்கான ஜே-1 தனி. அதில் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்பும் நிபந்தனை உண்டு. அதிலிருந்து விலக்கு பெறப் பலரும் நம்பும் கான்ராட் 30 திட்டம் ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடங்களே தருகிறது. பெறுபவர் பெரும்பாலும் மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும்.

எச்-1பி வேலை விசா வேண்டுமானால் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் மூன்றாம் படியை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற மருத்துவமனைகளும் இந்த விசாவின் ஆண்டு உச்சவரம்புக்கு வெளியே வருவதால் அங்கே குலுக்கல் இல்லை. ஆனால் நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற உத்தரவு 2025 செப்டம்பரில் வந்தது. மனுப் போடும் நேரத்தில் அதன் நிலை என்ன, யார் கட்டுவார்கள் என்று மருத்துவமனையிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஜெர்மனி, ஆஸ்திரேலியா, வளைகுடா

ஜெர்மனியில் பொதுவான பி2 நிலை ஜெர்மன் மொழிச் சான்றோடு நிற்காது. அதற்கு மேலான சி1 நிலையில் மருத்துவ மொழித் தேர்வு தனியாக உண்டு. நோய் பரவிவிட்டது என்பதை நோயாளியின் மொழியில் சொல்ல வேண்டிய துறை நம்முடையது, அந்தத் தேர்வைச் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டில் பயின்றவர்கள் பொதுவாகப் பத்து ஆண்டுவரை பற்றாக்குறைப் பகுதியில் மட்டுமே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் பில் போட முடியும். பெருநகரத் தனியார் மையத்தோடு ஒப்பந்தம் போடும் முன் அந்த முகவரி எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். வளைகுடாவில் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் அனுபவச் சான்றின் தேதிகளை மருத்துவமனையிடமே கேட்டு ஒப்பிடும்; தேதி பொருந்தாவிட்டால் பாதகமான அறிக்கை வரும், அதைத் திருத்துவது கடினம்.

பணி கடிதம் வந்த பிறகு

நேர்காணலே இல்லாமல் வரும் பணி கடிதம் மோசடி. பிரிட்டனில் உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை அரசே இணையத்தில் வெளியிடுகிறது. மருத்துவமனையின் பெயரை அதில் பாருங்கள். வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுபவரிடமே கட்டணம் வாங்குவதை அங்கே 1973-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கன்சல்டன்ட் பணி என்றால் கையெழுத்திடும் முன் வாராந்தர வேலைத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். முழுநேரப் பணி 10 அலகு. ஓர் அலகு பொதுவாக நான்கு மணி நேரம். கான்டூர் போடுவதற்கும் திட்டச் சரிபார்ப்புக்கும் அதில் தனி நேரம் இல்லையென்றால் அந்த வேலை உங்கள் மாலைகளுக்கும் ஞாயிறுகளுக்கும் வந்துவிடும்.

ஸ்பான்சர்ஷிப் சான்று கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். சான்று வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு மனுப் போட்டாக வேண்டும். கடந்த பத்து ஆண்டில் 12 மாதமோ அதற்கு மேலோ தங்கிய ஒவ்வொரு நாட்டின் காவல்துறைச் சான்றும் அதோடு வேண்டும். சில நாடுகளில் அதைப் பெறவே பல வாரங்கள் பிடிக்கும். நேர்காணல் முடிந்த மறுநாளே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.