கோல்ஃப் ஸ்கோர் பலகையைப் படிக்க ஒரு வழி

கோல்ஃபில் குறைவான அடிகளில் முடிப்பவரே வெல்வார். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை தானே பிடிபடும்.

ஒவ்வொரு குழிக்கும் ‘பார்’ என்று ஓர் இலக்கு உண்டு. பொதுவாக 3, 4 அல்லது 5 அடிகள். அதைவிட ஓர் அடி குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், மூன்று குறைந்தால் ஆல்பட்ராஸ். இந்த மூன்றாவது மிக அரிது. ஓர் அடி கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. பார் 3 குழியில் ஒரே அடியில் பந்து விழுந்தால் அது ‘ஹோல் இன் ஒன்’, கணக்கில் ஈகிள்தான்.

பலகையில் தெரிவது பாரைவிட எத்தனை அடி கூடுதல் அல்லது குறைவு என்ற மொத்தக் கணக்கு. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை அதிதி அசோக் -15 எடுத்தார், அதாவது பாரைவிட 15 அடி குறைவு. அந்த மைதானத்தின் எல்லாக் குழிகளுக்கும் சேர்த்து பார் 71. நான்கு சுற்றுக்கு 284. அவர் முடித்தது 269 அடிகளில். வெண்கலம் வென்றவர் -16இல் முடித்தார். ஒரே ஓர் அடி! இன்றும் மனம் ஆறவில்லை.

ஆட்டம் நடக்கும்போது இந்த எண்ணை மட்டும் பார்த்து முன்னிலையைக் கணிக்காதீர்கள். யார் எத்தனை குழிகளை முடித்திருக்கிறார் என்பது பக்கத்திலேயே இருக்கும். அதையும் சேர்த்துப் பாருங்கள்.