சைகோனில் குடியேறுகிறீர்களா? முதல் ஆண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியட்நாமின் இந்தப் பெருநகரத்துக்கு ஹோ சி மின் நகரம் என்பது காகிதத்தில் உள்ள பெயர். அங்கே வாழ்பவர்கள் பேச்சில் இன்றும் சைகோன்தான். வேலை மாற்றலாகியோ, தொழில் தொடங்கவோ, ஊரை விட்டுப் புதிதாக வாழ்க்கையைத் தொடங்கவோ இந்த நகரத்துக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: குடித்தனம் நடத்த வந்த ஊரில் மாதக்கணக்காகச் சுற்றுலாப் பயணியைப் போலவே இருந்துவிடுவது. சைகோன் அன்பான ஊர், புதியவர்களைச் சட்டென்று சேர்த்துக்கொள்ளும். ஆனால் அதன் விதிகளும் வழக்கங்களும் அங்கேயே இருக்கப்போகிறவர்களை மனத்தில் வைத்து அமைந்தவை. அவற்றை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் காகிதங்கள். 2023 ஆகஸ்ட் முதல் வியட்நாமின் மின் விசா 90 நாள் வரை கிடைக்கிறது. அது கையில் இருக்கும் தைரியத்தில் 'போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்புகிறார்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். வேலை அனுமதியை நிறுவனம்தான் வாங்கித் தர வேண்டும், அதுவும் அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குத்தான். அதற்குப் பட்டச் சான்றிதழும் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் முறைப்படி சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். இதை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சைகோனில் உட்கார்ந்துகொண்டு சென்னையில் இருக்கும் உறவினரை அலுவலகம் அலுவலகமாக அலைய வைப்பது இரு பக்கமும் வேதனை.

இரண்டாவது காகிதத்தைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. வெளிநாட்டவர் எந்த வீட்டில் தங்கினாலும், வந்த 12 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் அதைப் போலீசில் பதிவு செய்ய வேண்டும். ஓட்டலில் இது தானாக நடந்துவிடும். வாடகை வீட்டில் நீங்கள் கேட்டால்தான் நடக்கும் என்ற நிலையே அதிகம். வரிக்குப் பயந்து தட்டிக்கழிக்கும் உரிமையாளர்களும் உண்டு. பதிவு இல்லையென்றால் வேலை அனுமதி, வெளிநாட்டவருக்கான தற்காலிகத் தங்கும் அட்டை என்று அடுத்தடுத்து எல்லாம் சிக்கும். எனவே 'பதிவு செய்து தருவீர்களா?' என்பதை வாடகை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இழுத்துப் பேசினால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வீடு மாறினால் மறுபடியும் பதிய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

வீடு பார்ப்பதில்தான் பணமும் நிம்மதியும் அதிகம் கரைகின்றன. படங்களைப் பார்த்து ஊரிலிருந்தே முன்பணம் அனுப்புவது பெரிய தவறு. மாத வாடகை அறை ஒன்றில் சில வாரம் இருந்து, பேட்டையைச் சுற்றிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். காலையில் பார்த்த வீட்டை இரவு எட்டு மணிக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கரோக்கி அப்போதுதான் தெரியும். தரைத்தள வீடு என்றால் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழே சுண்ணம் உப்பி, புதிதாகப் பூசிய வண்ணம் மட்டும் வேறு சாயலில் பட்டையாக ஓடுகிறதா? வாசற்படிக்கு முன்னால் சிமெண்டில் ஒரு சிறு தடுப்பு எழுப்பியிருக்கிறார்களா? அங்கே தண்ணீர் வந்திருக்கிறது. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். அதன் கடைசி மாதங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆற்றில் கடலேற்றம் வந்து, மழையே இல்லாத மாலையிலும் தாழ்வான தெருக்களில் நீர் ஏறும். வெளிநாட்டவர்கள் விரும்பிக் குடியேறும் தாவ் தியென் பகுதியும் இதற்கு விலக்கல்ல. தெருமுனைத் தேநீர்க்கடை அம்மாவிடம் கேளுங்கள், எந்த வாசல் வரை வரும் என்று கையைக் காட்டியே சொல்லிவிடுவார்.

ஒப்பந்தத்தில் வாடகை டாலரில் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வியட்நாமில் உள்நாட்டு ஒப்பந்தங்கள் அந்நாட்டு நாணயமான டோங்கில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். மின்சாரத்துக்கு மின்வாரிய விகிதமா, உரிமையாளர் வைத்த விகிதமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். குடியேறும் அன்றே மீட்டரையும், வீட்டில் உள்ள ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வையுங்கள். அனுப்ப வேண்டியது வாட்ஸப்பில் அல்ல, ஜாலோவில். இந்த ஊரில் வீட்டுக்காரர், தண்ணீர் கேன் போடுபவர், பள்ளி ஆசிரியை எல்லோரும் ஜாலோ செயலியில்தான் இருக்கிறார்கள். அது இல்லாமல் மாதங்களை ஓட்டுபவர்களுக்கு ஊர் பாதி மூடியே கிடக்கும்.

முகவரி விஷயத்தில் இரண்டு தடுமாற்றங்கள். சைகோனில் பாதி வாழ்க்கை 'ஹெம்' எனப்படும் சந்துகளுக்குள் இருக்கிறது. 212/15/7 என்றால், பெரிய தெருவின் 212ஆம் எண்ணில் திரும்பும் சந்து, அதில் 15இல் பிரியும் கிளை, அதற்குள் 7ஆம் வீடு. சாய்கோடுகளை விட்டுவிட்டு எண்ணைச் சொன்னால் சாப்பாடு வேறு வீட்டுக்குப் போகும். மற்றொன்று, 2025 ஜூலை 1 முதல் குவான் எனப்பட்ட நகர மாவட்டங்கள் சட்டப்படி இல்லை. பக்கத்து மாகாணங்களான பின் யுவோங்கும் பா ரியா வுங் தாவும் நகரத்தோடு சேர்ந்துவிட்டன. கீழ்நிலை நிர்வாகம் வார்டுகளாக மாறிவிட்டது. மக்கள் இன்னும் 'முதல் குவான்', 'மூன்றாம் குவான்' என்றுதான் பேசுகிறார்கள். பேச்சுக்கு அது போதும். விண்ணப்பங்களில் புதிய வார்டின் பெயரை எழுதுங்கள்.

அடுத்தது சாலை. இதில் நான் கண்டிப்பாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே தவறுக்கு விலை உயிர். வந்த வாரமே ஸ்கூட்டரை வாடகைக்கு எடுப்பது எளிது, உரிமத்தை யாரும் கேட்பதில்லை. இந்தியா வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி அமைந்தது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படி வழங்கப்பட்டதை. எனவே அந்தச் சிறு புத்தகம் இங்கே செல்லாது. விபத்து நடந்தால், உரிமம் இல்லாமல் ஓட்டியதைக் காட்டி மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடலாம். நீண்ட கால விசாவோ தங்கும் அட்டையோ வந்த பிறகு ஊர் உரிமத்தை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இருசக்கர வண்டிக்கான பிரிவு இருந்தால்தான் இங்கும் கிடைக்கும். அதுவரை செயலியில் வண்டி அழைக்கும் கிராப் இருக்கிறது. 2024 டிசம்பரில் தொடங்கிய பென் தான்–சுவோய் தியென் மெட்ரோவும் இருக்கிறது.

2025 ஜனவரி முதல் அபராதங்கள் கடுமையாகிவிட்டன. இருசக்கர வண்டியில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் 40 லட்சம் முதல் 60 லட்சம் டோங். நெரிசலில் நடைபாதையில் ஏறி ஓட்டினாலும் அதே தொகை. எல்லோரும் ஏறுகிறார்களே என்று பின்னாலேயே ஏறாதீர்கள். குடித்துவிட்டு ஓட்டுவதில் 'கொஞ்சம்' என்ற அளவே கிடையாது; ஒரு குவளை பியரும் குற்றம்தான். நடந்து சாலையைக் கடக்கும்போது ஓடாதீர்கள், நடுவில் நிற்காதீர்கள், பின்வாங்காதீர்கள். ஒரே சீரான நடை போதும், வண்டிகள் உங்கள் வேகத்தைக் கணித்து விலகிப் போகும். பஸ்ஸும் காரும் அப்படி விலகாது, அவற்றுக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். நடைபாதை ஓரத்தில் நின்று கைபேசியில் வரைபடம் பார்ப்பதையும் விடுங்கள். வண்டியில் வந்து பறித்துப் போவது இந்த நகரத்தின் பழைய நோய்.

பணத்தில் ஒரே எச்சரிக்கை: 20,000 டோங் தாளும் 5,00,000 டோங் தாளும் இரண்டுமே நீலம். இரவில் கொடுக்கும் முன் எண்ணைப் பாருங்கள்.

சைவம் உண்பவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மீன் சாறு இல்லாத குழம்பு அபூர்வம். 'சாய்' என்று எழுதிய உணவகங்களைத் தேடுங்கள். அவை பௌத்த சைவ உணவகங்கள். வியட்நாமியர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது ஏறக்குறைய நம் அமாவாசையும் பௌர்ணமியும், சைவம் உண்கிறார்கள். அந்த நாட்களில் சாதாரணக் கடைகளில்கூடக் கிடைக்கும். அன்றைய மாலையில் பென் தான் சந்தைக்கு அருகில் ட்ரூவோங் தின் தெருவில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். வியட்நாமியப் பெண்கள் கருங்கல் சுவரில் நெற்றியைப் பதித்து வேண்டிக்கொண்டிருப்பார்கள். வார இறுதியெல்லாம் நம் ஆட்களோடு மட்டுமே கழிப்பவர்கள் இழப்பது இப்படிப்பட்ட காட்சிகளையும் அங்கே கிடைக்கும் நட்பையும்தான்.

பழகுவதில் சில நுணுக்கங்கள் உண்டு. முதல் சந்திப்பிலேயே வயதைக் கேட்பார்கள். முகம் சுளிக்காதீர்கள், அண்ணனா, தம்பியா, அத்தையா என்று தெரிந்தால்தான் அவர்களால் பேச்சையே தொடங்க முடியும். பகல் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை யாரையும் தொலைபேசியில் அழைக்காதீர்கள். அலுவலகங்களில் விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கடியில் பாய் விரித்துத் தூங்குவார்கள். சோம்பலென்று எண்ண வேண்டாம், விடியும் முன்பே தொடங்கிய நாள் அவர்களுடையது. எவ்வளவு கோபம் வந்தாலும் நாலு பேர் முன்னால் குரலை உயர்த்தாதீர்கள். சத்தம் போட்டால் வேலை நடக்கும் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே எடுபடாது. எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே விலகிவிடுவார், காரியம் அத்தோடு நின்றுவிடும்.

கடைசியாக, டெட் எனப்படும் சந்திரப் புத்தாண்டை நாட்காட்டியில் குறிக்காமல் விடுவது. 2026இல் அது பிப்ரவரி 17, 2027இல் பிப்ரவரி 6. ஒரு வாரத்துக்கும் மேலாக ஊர் மூடியிருக்கும். டிக்கெட் விலை ஏறும், ஏடிஎம்களில் வரிசை நிற்கும், அலுவலக வேலைகள் அதற்கு முன்பே மந்தமாகிவிடும். விசா அந்த நாட்களில் முடிவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். பாக்கிகளை வருடம் பிறக்கும் முன் தீர்ப்பது அவர்கள் மரபு, வாடகையையும் அப்படியே கொடுத்துவிடுங்கள். புத்தாண்டுக் காலையில் முதலில் வாசல் மிதிப்பவரைப் பொறுத்தே அந்த வீட்டின் ஆண்டு முழுவதும் அமையும் என்று நம்புவதால், வாழ்த்துச் சொல்ல அழைப்பில்லாமல் போய் நிற்காதீர்கள். இரண்டாம் நாளுக்குப் பிறகு, அவர்கள் அழைத்த நேரத்தில், குழந்தைகளுக்குச் சிவப்பு உறையில் புதுத் தாள்களோடு போங்கள்.