புதுச்சேரி முதல் கடலூர் வரை கடலோரமாக நடக்க: மூன்று பாலக் கணக்கு

போன தை மாதம் புதுச்சேரி காந்தி சிலையில் கிளம்பி இரண்டு நாளில் கடலூர் சில்வர் பீச் வரை நடந்து சேர்ந்தேன். சாலையில் போனால் 22 கி.மீ. சொச்சம். என் போன் காட்டியது 38 கி.மீ. அந்த மீதி 16 கி.மீ. ஏன் தேவைப்பட்டது என்று புரிந்துகொண்டால் இந்த நடையில் பாதி வேலை முடிந்துவிடும். எனக்கு அது புரிய ஒரு வருடம் ஆனது.

எப்போது போவது

பொங்கல் முடிந்து மாசி வரை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வெள்ளமும். பங்குனிக்கு மேல் பத்து மணிக்கே மணல் சுடும். தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், அதனால் புதுச்சேரியிலிருந்து தெற்கே நடந்தால் காற்று முதுகுப் பக்கம் இருக்கும். இதே வழியை எதிர்த்திசையில் நடந்து பார்த்தேன். மணல் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

வழியை வகுப்பது

எல்லோரும் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் தடவை நான் வரைபடத்தில் கடற்கரையை ஒட்டி ஒரே கோடாகப் போட்டேன். தென்பெண்ணை கடலில் சேரும் இடத்தில், செயற்கைக்கோள் படத்தில், அகலமான மணல்திட்டு கரைக்குக் கரை மூடியிருந்தது. தாண்டிவிடலாம் என்று நம்பிப் போனேன். நேரில் போனால் நடுவில் தண்ணீர் ஓடுகிறது. அகலம் ஒரு தெரு அளவுதான், ஆழமும் முழங்கால்தான் தெரிந்தது. நாலு அடி வைத்தேன். காலுக்கடியில் மணல் கரைந்து இறங்கியது. ஒவ்வொரு அலை திரும்பும்போதும் குதிகாலுக்குக் கீழே பள்ளம் விழுந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கத்தினார்: "தம்பி, திரும்பு! அங்க மண்ணு நிக்காது, உள்ள இழுத்துடும்!" திரும்பிவிட்டேன். அங்கிருந்து பாலத்துக்குப் போகும்போது இருட்டிவிட்டது.

முகத்துவாரத்து மணல்திட்டு நிலையான இடம் கிடையாது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அதை உடைத்துத் திறக்கும். வெள்ளம் வடிந்த பிறகு அலை மறுபடி மணலைக் கொண்டுவந்து மூடும். நான் பார்த்த படம் கோடையில் எடுத்தது. நான் போனது மழை முடிந்த கையோடு.

இப்போது நான் செய்வது இதுதான். கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து முகத்துவாரத்தை நெருக்கிப் பார்ப்பேன். கடிகாரம் போன்ற குறியை அழுத்தினால் அதே இடத்தின் பழைய படங்கள் வரும். ஒவ்வொரு தேதியாக நகர்த்தினால் திட்டு திறப்பதும் மூடுவதும் கண்முன் தெரியும். ஒரே ஒரு படத்திலாவது திறந்திருந்தால் அந்த இடத்தைக் கடக்கும் வழியாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம், பாலத்துக்குப் போங்கள்.

ஆக, முதலில் பாலங்களைக் குறியுங்கள், கடற்கரையை அப்புறம் சேருங்கள். இந்த வழியில் மூன்று. சங்கராபரணி ஆறு கடலுக்கு முன் இரண்டாகப் பிரிவதால் அரியாங்குப்பம் ஆற்றுக்கு ஒன்று, சுண்ணாம்பாற்றுக்கு நோணாங்குப்பத்தில் ஒன்று. மூன்றாவது தென்பெண்ணைப் பாலம். மூன்றும் கடலூர் சாலையில் இருக்கின்றன. கடலுக்கும் பாலத்துக்குமாகப் போய் வருவதில்தான் அந்த மீதி 16 கி.மீ. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை 1,000 கி.மீ.க்கு மேல் நீளம், வழி நெடுக அடையாளக் கம்பம் உண்டு. அங்கேயும் ஆறு குறுக்கிட்டால் பெரும்பாலும் படகுத்துறைக்கோ பாலத்துக்கோதான் போக வேண்டும்.

முதல் நாள், சுமார் 17 கி.மீ.

காந்தி சிலை, முதலியார்பேட்டை, பாலம், அரியாங்குப்பம். அரிக்கமேட்டை விட்டுவிடாதீர்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமாபுரி வணிகத்தைக் காட்டும் பானை ஓடுகள் கிடைத்த இடம். இன்று மரத்தோப்பும் இடிந்த சுவரும்தான், ஆனால் ஆற்றங்கரை நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கால் தெம்பாகும். பிறகு வீராம்பட்டினம் போய்க் கடலைத் தொட்டுவிட்டு மறுபடி மேற்கே, நோணாங்குப்பம் பாலம், தவளக்குப்பம், பூரணாங்குப்பம். அங்கிருந்து வீட்டுக்குப் பஸ் பிடிக்கலாம். தங்கும் அறை தேட வேண்டாம். கடலூர் சாலை எப்போதும் சில கிலோமீட்டர் மேற்கேதான் இருக்கிறது, பஸ்ஸுக்குக் குறைவில்லை. புதிதாக நடப்பவர்களுக்கு இந்த வழியை நான் சொல்வதே அதனால்தான்.

இரண்டாம் நாள், சுமார் 21 கி.மீ.

விடிந்ததும் பூரணாங்குப்பத்தில் கடற்கரைக்கு இறங்குங்கள். நல்லவாடு, பனித்திட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம் என்று மீனவ ஊர்களும் இடையிடையே சவுக்குத் தோப்பும். கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று, மீனவர்கள் கைகாட்டிய பக்கமாகப் போங்கள். வலையைச் செருப்போடு மிதிக்காதீர்கள். மணப்பட்டு வழியாகக் கன்னியக்கோயில் வந்தால் சாலை. முள்ளோடையில் புதுச்சேரி எல்லை தாண்டி, தென்பெண்ணைப் பாலம், மஞ்சக்குப்பம், சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினம். கெடிலம் ஆறு அதற்குத் தெற்கே இருப்பதால் அதைக் கடக்கும் வேலை இல்லை.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்துக்காரர் நைஸ்மித் 1892இல் சொன்ன மணிக்கு 5 கி.மீ. என்ற கணக்கைப் பலர் எடுக்கிறார்கள். சாலையில் சரி. உலர்ந்த மணலில் எனக்கு மணிக்கு 3 கி.மீ.தான் வந்தது. ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதில் நடங்கள். காலை ஆறிலிருந்து பத்துக்குள் வற்றம் (கடல்மட்டம் இறங்கும் நேரம்) வருகிற நாளாகப் பாருங்கள். வற்ற நேரம் தினமும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும்.

கையில் என்ன

இணையம் இல்லாமல் வேலை செய்யும் ஆர்கானிக் மேப்ஸ் போதும். தொப்பியைவிடக் கறுப்புக் குடை நல்லது, தொப்பிக்குள் தலை வேகும். கனமான தோல் ஷூ வேண்டாம். வலை போன்ற மேல்துணி உள்ள ஓட்ட ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ், கிளம்பும் முன் விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டுங்கள். தண்ணீர் மூன்று லிட்டர். கிளம்பும் முந்தின நாள் இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) தளத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள். காற்றே இல்லாமல் தூரத்துக் கடலிலிருந்து வரும் பேரலை அது, வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

பிறகு சேர்த்தது: இதைப் படித்து நடந்த இருவர் இடது முழங்கால் வலிக்கிறது என்று எழுதினார்கள். எனக்கு அப்படி வரவில்லை என்பதால் முதலில் எழுதாமல் விட்டேன். தெற்கே நடக்கும்போது கடல் இடப்பக்கம், கரை அந்தப் பக்கமே சரிகிறது, இடது கால் எப்போதும் தாழ்ந்தே விழுகிறது. அரை மணிக்கு ஒருமுறை மேலே ஏறிச் சவுக்குத் தோப்பு ஓரத்துச் சமதளத்தில் பத்து நிமிடம் நடங்கள்.

இன்னொன்று: ஒரு சகோதரி கழிப்பறை பற்றிக் கேட்டார், கேட்க வேண்டிய கேள்வி. கடற்கரைப் பகுதியில் நம்பி எதையும் சொல்ல முடியாது. இரண்டு நாளும் கடலூர் சாலையைத் தொடும் இடங்களில் பெட்ரோல் பங்க் எங்கே என்று முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: இரவில் நடக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். டார்ச் வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். விடியட்டும், அப்புறம் இறங்குங்கள்.